அண்டை என்பது யாருக்கு? ஏச்சிசன் தொகுப்பில் பாராமகாலைத் தேடி

பழைய உடன்படிக்கைகளைத் தேடிப் போகிற யாரும் கடைசியில் ஒரே புத்தகத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஏச்சிசன். முழுப்பெயர் சார்லஸ் அம்ஃபர்ஸ்டன் ஏச்சிசன். கல்கத்தாவில் வெளியுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர், பின்னாளில் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர். லாகூரில் இன்றும் அவர் பேரில் ஒரு கல்லூரி இருக்கிறது. 'இந்தியாவையும் அண்டை நாடுகளையும் பற்றிய உடன்படிக்கைகள், ஒப்பந்தங்கள், சன்னதுகளின் தொகுப்பு' என்று அவர் போட்ட புத்தகம் 1862இல் கல்கத்தாவில் வர ஆரம்பித்தது. அவர் காலத்துக்கு அப்புறமும் 1930கள் வரை யாராவது ஒருத்தர் திருத்தி, விரித்து, மறுபதிப்புப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்கள், வழக்கறிஞர்கள், என்னை மாதிரி ராத்திரி பத்து மணிக்கு மேல் வரலாறு படிக்கிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் எடுக்கிறோம். அதனால்தான் இந்தப் புத்தகத்தை ஒரு முறையாவது புத்தகமாக விமர்சிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 'அண்டை நாடுகள்' என்கிறாரே, அவை எவை? நேபாளம், ஆப்கானிஸ்தான், சரி. மஸ்கட், பஹ்ரைன், ஏடன் எல்லாமும் அதற்குள் வருகின்றன. மொரப்பூரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு மஸ்கட் எப்படி அண்டை ஆகும்? எனக்கு அண்டை என்றால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, மிஞ்சிப்போனால் ஊத்தங்கரை. ஆனால் கம்பெனிக்கு அண்டை என்பது கப்பல் போய்ச் சேரும் தூரம். இந்த ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1792இல் எங்கள் ஊர்ப்பக்கம் கை மாறியதும் இதே சொல்லை வைத்து நடந்த இழுபறியோடுதான்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரும்பகுதிக்குப் பழைய பெயர் பாராமகால். ஹைதர் அலி, திப்பு காலத்தில் மைசூரோடு இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் 18ஆம் தேதி முடிவான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அந்த உடன்படிக்கையின் ஆங்கில வாசகம் ஏச்சிசனின் மைசூர் பகுதியில் இருக்கிறது. தலைப்பிலேயே 'நிரந்தர நட்பு உடன்படிக்கை' என்று போட்டிருப்பார்கள்.

நிரந்தரம்! மைசூர் பகுதியைப் புரட்டிக்கொண்டே போனால் இந்த நிரந்தரம் மூன்று தடவை வருகிறது. 1769இல் ஹைதர் சென்னைக்குப் பக்கத்தில் குதிரைப்படையோடு வந்து நின்றபோது போட்ட சென்னை உடன்படிக்கை. 1784 மார்ச் 11இல் மங்களூரில் திப்புவோடு போட்டது. அப்புறம் 1792. முதல் நிரந்தரம் 11 வருஷம் ஓடியது. இரண்டாவது 6 வருஷத்துக்குள் முடிந்தது. மூன்றாவதற்கு ஆயுள் 7. எங்கள் துறையில் ஒரு மாறிலிக்கு இப்படி வருஷத்துக்கு ஒரு மதிப்பு வந்தால் குறியீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

முதல் நிரந்தரத்தை உடைத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1769 உடன்படிக்கையில் ஒருவரை மூன்றாமவர் தாக்கினால் இன்னொருவர் உதவிக்கு வர வேண்டும் என்று இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்திலேயே மராட்டியர்கள் மைசூர் மேல் பாய்ந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. இரண்டாவது இன்னும் நாசூக்கு. 1789 ஜூலையில் கார்ன்வாலிஸ் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இது உடன்படிக்கைக்குச் சமமாகக் கட்டுப்படுத்தும் என்று அவரே சொல்லிக்கொண்ட கடிதம். நிஜாமுக்குக் கம்பெனி தருகிற படையை யார் யார் மேல் ஏவக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் திப்புவின் பெயர் இல்லை. அவ்வளவுதான். எதையும் மீறவில்லை, ஒரு பெயரை எழுதவில்லை. திப்புவும் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷ டிசம்பரில் திருவிதாங்கூர் எல்லையில் மோதி, எதிரிக்குத் தேவையான காரணத்தைத் தானே கொடுத்தார்.

இனி 1792. இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் உடன்படிக்கை இரண்டு தவணையாக எழுதப்பட்டது. பிப்ரவரி கடைசியில் முதல்நிலை ஷரத்துகள், மார்ச்சில் இறுதி வாசகம். ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை முற்றுகையில் இருக்கும்போது முதல்நிலை ஷரத்துகள் போடப்பட்டன. போர் தொடங்கியபோது திப்பு கையில் இருந்த நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். பாதி உடனே, மீதி மூன்று தவணையில். ஹைதர் காலத்திலிருந்து பிடித்து வைத்திருக்கும் கைதிகளை விட வேண்டும். இவையெல்லாம் நிறைவேறும்வரை மூத்த மகன்கள் மூன்று பேரில் இரண்டு பேரைப் பிணையாகக் கொடுக்க வேண்டும்.

பாதி நாடு என்றால் எந்தப் பாதி? ஷரத்து சொல்கிறது: கூட்டணியின் மூன்று தரப்புக்கும், அதாவது கம்பெனி, நிஜாம், மராட்டியப் பேஷ்வா மூவருக்கும், அவரவர் நாட்டை ஒட்டிய பகுதிகளிலிருந்து. நம் சொல் வந்துவிட்டது. ஒட்டிய, அடுத்த, அண்டையான.

பிப்ரவரி 26ஆம் தேதி பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அப்துல் காலிக்குக்கு வயது பத்து சுமார், முயிசுத்தீனுக்கு எட்டு. பணமும் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கம்பெனித் தரப்பு நீட்டிய பட்டியலில் குடகு இருந்தது. திப்புவின் வக்கீல்கள் அதிர்ந்துபோனார்கள். திப்புவின் கேள்வி நியாயமானது: குடகு இவர்களில் யாருடைய நாட்டை ஒட்டியிருக்கிறது? அது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே கம்பெனி வந்து உட்கார்ந்தால் தலைநகரத்தின் மேற்குக் கதவு திறந்தே கிடக்கும்.

கார்ன்வாலிஸ் பின்வாங்கவில்லை. பிள்ளைகளோடு வந்த காவலர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பிள்ளைகளைப் பெங்களூர்ப் பாதையில் கிளப்பிவிட ஏற்பாடானது. முற்றுகை வேலைகளை மறுபடி தொடங்கும் பேச்சு எழுந்தது. திப்பு இறங்கி வந்தார். மார்ச் 18இல் உடன்படிக்கை முடிவானது. மறுநாள் அதைக் கார்ன்வாலிஸ் கையில் கொடுக்க வைத்தது யாரை என்று பாருங்கள்: அதே பிள்ளைகளை.

ஏச்சிசனைப் பற்றிய என் முதல் புகார் இங்கே வருகிறது. உடன்படிக்கைகளை வரிசை எண் போட்டு அடுக்குவதில் அவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு நாட்டுக்கும் முன்னால் சுருக்கமான வரலாற்று முன்னுரையும் தருகிறார். ஆனால் கையெழுத்தான வாசகம் மட்டும்தான் அவருக்கு ஆவணம். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் அந்த மூன்று வாரத்தில் ஒரு சொல்லின் அர்த்தம் எப்படி மாற்றப்பட்டது என்பது வரைவுகளிலும், கூட்டக் குறிப்புகளிலும், மேஜர் டைரம் மாதிரி கூட இருந்தவர்களின் நூல்களிலும் கிடக்கிறது. பேச்சுவார்த்தை நடந்ததோ பாரசீகத்தில். திப்பு பக்கம் குலாம் அலி கானும் அலி ரஸாவும், இந்தப் பக்கம் சர் ஜான் கென்னவே. 'ஒட்டிய' என்பதற்கு அந்த மொழியில் நின்ற சொல் எது என்று ஏச்சிசனை மட்டும் வைத்துப் படிக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆங்கிலம் மட்டும் அச்சில் நிற்கிறது. நூற்றாண்டுகள் கழித்துப் படிக்கிறவன் அதையே மூலம் என்று எடுத்துக்கொள்கிறான்.

இதற்கு நேர் எதிர், ராபர்ட் ஹோம் வரைந்த ஓவியம். பிள்ளைகளைக் கார்ன்வாலிஸ் வரவேற்கும் காட்சி. லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானைகள், வெள்ளை உடுப்பில் இரண்டு சின்னப் பிள்ளைகள், கை நீட்டி நிற்கும் கார்ன்வாலிஸ். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்தக் காட்சி பிரபலமாகி, வேறு ஓவியர்களும் வரைந்து தள்ளினார்கள். எல்லாவற்றிலும் கார்ன்வாலிஸ் ஒரு பாசமான சித்தப்பா மாதிரி இருப்பார். ஓவியத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கணக்கு இல்லை. ஏச்சிசனில் கணக்கு இருக்கிறது, பிள்ளைகள் ஒரு ஷரத்தாக இருக்கிறார்கள். இரண்டிலும் அந்த மூன்று வாரம் இல்லை. (பிள்ளைகள் 1794இல்தான் அப்பாவிடம் திரும்பினார்கள்.)

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் வேலையில் ஒப்பந்தத்தின் முதல் பத்துப் பக்கம் வக்கீல்கள் ரசிப்பதற்கு. யார் எதை, எவ்வளவுக்கு, எப்போது செய்ய வேண்டும் என்பது கடைசி இணைப்பில் இருக்கும். அனுபவப்பட்டவர்கள் அங்கிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்கள். 1792 உடன்படிக்கைக்கும் அப்படி ஒரு இணைப்பு உண்டு. எந்தெந்தப் பகுதி, அதன் வருஷ வருமானம் எத்தனை கண்டீரவ வராகன் என்று அட்டவணை. வராகனுக்கு மூன்று ரூபாய் கணக்கு.

திப்புவின் மொத்த வருமானம் 2 கோடியே 37 லட்சம் ரூபாய் என்று முடிவு கட்டினார்கள். பாதி, 1 கோடியே 18½ லட்சம். அதை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 39½ லட்சம், அதாவது 13,16,666 வராகன் சொச்சம். கம்பெனியின் பங்கு அட்டவணையில் 13,16,765 வராகன் 5½ பணம் என்று நிற்கிறது. பழக்கதோஷம், உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது. ஆனால் கூட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. சேலம் 24,000, சங்ககிரி 40,000, நாமக்கல் 16,000, பழனி விருப்பாச்சி சேர்ந்த திண்டுக்கல் 90,000. எல்லாம் ஆயிரத்தில் முடிகிற முழு எண்கள். கோழிக்கோட்டின் 63 தாலுக்காவுக்கு மட்டும் 8,48,765 வராகன் 5½ பணம். மொத்தத்தின் அந்த 765ம் ஐந்தரைப் பணமும் இந்த ஒரே வரியிலிருந்து வருகின்றன. அதாவது அட்டவணை பார்க்க அரைப்பணம் வரை துல்லியமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது முழுக்க தோராயம்.

பாராமகாலுக்கு ஒன்பது பர்கனா. மொத்தம் 1,34,000. பாராமகால் என்ற பர்கனாவே 64,000. தென்கரைக்கோட்டை 12,000. காவேரிப்பட்டணம், பென்னாகரம் தலா 10,000. வீரபத்ரதுர்க்கம், ராயக்கோட்டை, தர்மபுரி, காவேரிபுரம் தலா 8,000. இப்போது ஆந்திரப் பக்கம் போய்விட்ட கங்குந்தி 6,000. பெயர்களெல்லாம் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி இருக்கும். தென்கரைக்கோட்டை 'டிங்ரிகோட்டா' ஆகியிருக்கிறது. சேந்தமங்கலம் 'ஷாட்முங்கல்'. பழனியும் விருப்பாச்சியும் ஒட்டிப் பிறந்த ஒரே சொல்லாகக் கிடக்கின்றன. எத்தனையோ மறுபதிப்பு வந்தும், ஒரு ஊர்ப்பெயருக்கும் அடிக்குறிப்பாக இன்றைய பெயரைப் போட யாருக்கும் தோன்றவில்லை. மன்னர்களின் பட்டப்பெயர்களை மட்டும் எழுத்துக்கு எழுத்து விடாமல் போட்டிருக்கிறார்கள்.

இதே கம்பெனி அட்டவணையில் குடகும் ஒரு வரி. எவ்வளவு தெரியுமா? 8,000 வராகன். தர்மபுரிக்கும் அதே 8,000.

இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. வருமானக் கணக்கில் இரண்டும் ஒரே எடை. ஒன்றுக்காகப் பிணைப் பிள்ளைகளைப் பெங்களூருக்குக் கிளப்பி, மறுபடி பீரங்கியைத் திருப்பவும் தயாரானார்கள். இன்னொன்று சத்தமில்லாமல் கை மாறியது. குடகுக்கு ஒரு ராஜா இருந்தார், வீரராஜேந்திரர். மேற்குக் கரையிலிருந்து வந்த பம்பாய்ப் படைக்குத் தன் மலை வழியாகப் பாதை விட்டவர். 1790இலேயே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அதனால் அவர் நாட்டைக் கைவிட முடியாது என்று கார்ன்வாலிஸ் நின்றார். அதில் நேர்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை, கூடவே திப்புவின் மேற்குக் கதவும் கைக்கு வந்தது. தர்மபுரிக்கும் தென்கரைக்கோட்டைக்கும் அப்படிக் கையெழுத்துப் போட ஒருவர் இல்லை. அதனால் அவை அட்டவணையில் மட்டும் வருகின்றன, ஷரத்தில் வரவில்லை.

பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது இந்த அட்டவணையை செல்போனில் காட்டினேன். எண்பது வயது, கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. நான் படித்துச் சொன்னேன்.

"அதுல நம்மூரு பேரு வருதா?"

"இல்லைங்க பெரியப்பா. தென்கரைக்கோட்டை வருது."

"அதுக்கு எவ்ளோ போட்டிருக்கான்?"

"பன்னெண்டாயிரம் வராகன். வருசத்துக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மழ பேயாத வருசத்துக்குமா?"

ஏச்சிசனின் அத்தனை தொகுதிகள் மேலும் இதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தெரியாது. வானம் பார்த்த பூமிக்கு எப்படி ஒரே எண் இருக்க முடியும்? அட்டவணையில் வருஷம் என்ற நெட்டுவரிசையே கிடையாது. இரண்டு அரசுகள் பாதிப் பாதி பிரிக்க ஒரு எண் வேண்டும், எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணைக் களத்தில் வசூலித்துக் கொடுக்கப் போகிறவன் யார் என்பது உடன்படிக்கையின் பொருளே அல்ல.

என் இரண்டாவது புகார், புத்தகத்தின் அடுக்குமுறை. ஏச்சிசன் நிலவாரியாகப் பிரிக்கிறார். மைசூரும் ஹைதராபாத்தும் தனித்தனிப் பகுதிகளில், மஸ்கட் போன்ற அரபு நாடுகள் எங்கோ தள்ளி இன்னொரு தொகுதியில். நிர்வாக அதிகாரிக்கு வசதிதான். பஹ்ரைனில் வேலை பார்க்கிறவருக்குக் குடகு எதற்கு? ஆனால் நான் எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் போட்டுத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். 1798, 1799 இரண்டு வருஷமும் வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டன.

1798 செப்டம்பர் 1: நிஜாமோடு உடன்படிக்கை. ஹைதராபாத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் நடத்திய படையைக் கலைக்க வழி செய்தது. அக்டோபர் 12: மஸ்கட்டின் ஆட்சியாளர் சுல்தான் பின் அகமதுவோடு ஒரு கவுல்நாமா. பம்பாய் சார்பில் போய்ப் பேசியவர் மெஹ்தி அலி கான். பிரெஞ்சுக்காரர்களுக்கு மஸ்கட்டில் இடம் கொடுப்பதில்லை என்பது சாரம். 1799 ஜனவரி 25: எகிப்தில் இருந்த நெப்போலியன் திப்புவுக்கும் மஸ்கட்டுக்கும் கடிதம் எழுதுகிறார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்குகிறது. பிப்ரவரியில் போர். மார்ச் தொடக்கத்தில் ஜெனரல் ஹாரிஸின் படை எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் வந்து நிற்கிறது. மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுகிறது, திப்பு சாகிறார். ஜூன் 22இல் மைசூரைப் பங்கு போடும் உடன்படிக்கை. ஜூலை 8இல் ஐந்து வயதுக் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் இன்னொன்று. வருஷத்துக்கு ஏழு லட்சம் வராகன் கம்பெனிக்கு.

தேதிவாரியாக வைத்தால் இது ஒரே வலை. முதலில் ஹைதராபாத் முடிச்சு, அடுத்தது மஸ்கட் முடிச்சு, அப்புறம் நடுவில் இருக்கிறவர். மஸ்கட்டில் திப்புவுக்கு வியாபாரக் கோத்தி இருந்தது. தன் ஆட்களுக்கு அங்கிருந்து பட்டுப்பூச்சியும், முத்துக் குளிக்கத் தெரிந்தவர்களும் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார். கிர்க்பாட்ரிக் மொழிபெயர்த்த கடிதத் தொகுப்பில் இருக்கிறது. மஸ்கட்டுக்கு அரிசி மங்களூர்ப் பக்கமிருந்து போனது. ஆக, கம்பெனிக்கு மட்டுமில்லை, திப்புவுக்கும் மஸ்கட் அண்டைதான். 1792இல் மலபார் கரையும், 1799இல் மங்களூரும் கம்பெனி கைக்குப் போனபின், மஸ்கட்காரர் சோற்றுக்கு யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு ஷரத்து எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அரபு நாடுகளின் தொகுதியை மட்டும் படிக்கிறவனுக்கு அந்தக் கவுல்நாமா ஒரு சின்ன வணிக ஏற்பாடாகத் தெரியும். மைசூர் தொகுதியை மட்டும் படிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

1800 ஜனவரி 18இல் ஜான் மால்கம் மஸ்கட்டோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டார். கம்பெனியின் ஆள் ஒருவர் மஸ்கட்டில் தங்குவதற்கானது. சூரியனும் சந்திரனும் தங்கள் சுற்றை முடிக்கும்வரை இந்த நட்பு நிற்கும் என்று அதில் வருகிறது. படித்ததும் சிரித்துவிட்டேன். நம் கல்வெட்டுகளில் சந்திராதித்தவரை என்று வருமே, அதேதான்! கல்லும் காவேரியும் உள்ளவரை என்பதும் உண்டு. ஒரு வித்தியாசம். கல்வெட்டில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, இதை அழித்தவன் என்ன பாவத்தில் போவான் என்றும் எழுதி வைப்பார்கள். எழுதியவனுக்கே நிரந்தரத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை என்பது அதில் தெரியும். கம்பெனியின் உடன்படிக்கைகளில் அந்த இரண்டாவது வரி கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, திப்பு பக்தர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திப்புவும் பட்டியல் போட்டு நாடு பிரிக்கிற ராஜாதான். குடகில் அவர் படை செய்ததைக் குடகர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த அட்டவணை எண்கள் அவருடைய வருவாய்க் கணக்கை வைத்துப் பேரம் பேசி வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். தமிழில் இந்தப் போர்களைப் பற்றி வருகிற புத்தகங்கள், யூடியூப் உரைகள் எல்லாம், அவர் வீரரா கொடுங்கோலரா என்பதோடு நின்றுவிடுகின்றன. உடன்படிக்கை என்றால் 'பாதி நாட்டை இழந்தார், மகன்களைப் பிணை வைத்தார்' என்று ஒரு வாக்கியம். அந்தப் பாதியில் நம் ஊர் இருக்கிறது ஐயா. இணைப்பைப் படியுங்கள்.

ஏச்சிசனுக்குச் சேர வேண்டிய மரியாதையும் உண்டு. அவர் அந்த அட்டவணையைச் சுருக்காமல் அச்சிட்டார். 'முதலியன' என்று போட்டு முடித்திருந்தால் தென்கரைக்கோட்டையின் பன்னிரண்டாயிரம் என் கண்ணுக்கு வந்திருக்காது. காவிரிக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பது கம்பெனிக்கு, மறுகரையில் இருப்பது திப்புவுக்கு, ஈடுக்கு ஈடு மாற்றிக்கொள்வது என்று ஆற்றை வைத்து வெட்டிய ஷரத்தும் அப்படியே இருக்கிறது. அந்த எல்லையை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ராயக்கோட்டை கம்பெனிக்கு வந்தது, ஓசூர் 1799 வரை திப்புவிடம் இருந்தது. எங்கள் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை ஒரு சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அது ராயக்கோட்டையைத் தாண்டியதும் கடந்தது பழைய இரண்டு அரசுகளின் எல்லையைத்தான்.

மூன்றாவது புகார்தான் எனக்கு முக்கியம். எது உடன்படிக்கை, எது இல்லை என்பதை இந்தப் புத்தகம் சத்தமில்லாமல் முடிவு செய்துவிடுகிறது. அரசனும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டால் உள்ளே. மற்றது வெளியே.

வெளியே இருப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். 1792இல் பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடை அனுப்பினார்கள். உதவிக்கு மூன்று பேர். கிரஹாம் வடக்கே, மெக்லியோட் தெற்கே சேலம் பக்கம், நடுவில் தர்மபுரியில் தாமஸ் மன்றோ. (இந்த மன்றோ, திப்புவுக்குப் பாதி நாட்டை விட்டுவைத்ததே தப்பு என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொதித்தவர். அதே மனிதர் ஏழு வருஷம் இங்கே குடியானவர்களோடு கணக்குப் பேசிக் கழித்தார்.) ரீடும் அவர் ஆட்களும் நிலம் நிலமாக அளந்தார்கள். 1796 டிசம்பரில் ரீட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அளந்து போட்ட தீர்வைப்படி குடியானவன் நேரடியாகச் சர்க்காருக்குக் கட்டுவான். முடியாத நிலத்தை வருஷத்துக்கு வருஷம் விட்டுவிடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் ரயத்வாரி என்று பெயர் வாங்கிய முறையின் முளை இதுதான். என் கணக்கில் இதுவும் ஓர் உடன்படிக்கை. பெரியப்பாவின் கேள்விக்கு ஓர் ஆட்சி எழுத்தில் சொன்ன முதல் பதில் என்றுகூடச் சொல்வேன். அளவை தாறுமாறு, தீர்வை அதிகம் என்று அதன்மேல் எத்தனையோ குறை சொல்லலாம். ஆனாலும் மழை பெய்யாத வருஷம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தக் காகிதம் ஒத்துக்கொண்டது.

இதன் ஆயுள் எவ்வளவு? 1802இல் சென்னை அரசு நிரந்தர செட்டில்மென்ட் சட்டம் கொண்டுவந்தது. மறுபடியும் நிரந்தரம்! பாராமகாலையும் சேலத்தையும் மிட்டா மிட்டாவாக நறுக்கி ஏலம் விட்டார்கள். குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் மிட்டாதார் வந்து உட்கார்ந்தார். ஏலம் எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் பாக்கி விழுந்து, மிட்டாக்கள் திரும்பவும் சர்க்கார் கைக்கே வந்தன. 1796 அறிவிப்பை யாரும் ரத்து செய்ததாகப் பறை அறைவிக்கவில்லை. குடியானவனைக் கேட்கவும் இல்லை. இன்றும் எங்கள் பக்கம் நிலத்தகராறு என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்தால், வயசான யாராவது ஒருத்தர் 'அது மிட்டாதார் காலத்துலயே…' என்று ஆரம்பிப்பார்.

திப்புவோடு போட்ட நிரந்தர நட்பு ஏழு வருஷம் நின்றது. தர்மபுரிக் குடியானவனுக்குக் கொடுத்த வாக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக நின்றது. முன்னது உடைந்ததற்கு நூற்றுக்கணக்கான புத்தகங்கள், ஓவியங்கள், இரண்டு பக்கத்துக்கும் வக்கீல்கள். பின்னதற்கு, சென்னை அரசு அச்சகம் 1907 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பாராமகால் ஆவணங்கள் இருக்கின்றன. தாலுக்காவாரியாக, பயிர்வாரியாக, ரீடும் மற்றவர்களும் எழுதிய கடிதங்கள், அட்டவணைகள். ஏச்சிசனைத் திறக்கிறவர்கள் இதையும் இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிங்ரிகோட்டா 12,000 என்ற ஒற்றை வரி, கிணறும் புஞ்சையும் நஞ்சையுமாகப் பிரிய ஆரம்பிக்கும்.